மழைக்காலத்துக்கு முன்பே ஊரில் குழந்தைகளுக்கான ஆதரவு வட்டம் அமைப்பது எப்படி: காவிரி டெல்டா கிராமங்களுக்கான முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டக் கிராமங்களில் குழந்தைகளுக்காக ஏதாவது செய்ய முன்வரும் ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், சுய உதவிக் குழுப் பெண்கள், படித்த இளைஞர்கள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. வெள்ளம், புயல், பெற்றோரின் மரணம், குடி, கடன், வீட்டுச் சண்டை ஆகியவை ஒரு குழந்தையைத் தாக்குவதை நம்மால் எப்போதும் தடுத்துவிட முடியாது. ஆனால் அந்த அதிர்ச்சி ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் மனக்காயமாக மாறுவதைப் பெரும்பாலும் தடுக்கலாம். அச்சம் வரும்போது குழந்தையின் உடல் பதற்ற நிலைக்குப் போகிறது. நம்பிக்கையான பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் அது மெல்லத் தணிகிறது. யாரும் இல்லாமல் அச்சம் தொடரும்போது பதற்றமே அந்த உடலின் வழக்கமாகி, தூக்கத்தையும் படிப்பையும் பிற்கால உடல்நலத்தையும்கூடக் கெடுக்கிறது.

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். புயல் ஓய்ந்த மறுநாளே வண்ணப் பென்சில்களோடு முகாமுக்குப் போய், "அன்னைக்கு ராத்திரி என்ன நடந்துச்சு, சொல்லு பாப்பா" என்று கேட்பதிலிருந்து அவர்கள் வேலையைத் தொடங்குகிறார்கள். முன்பின் தெரியாதவரிடம் மனத்தைத் திறந்து காட்டச் சொல்வது குழந்தைக்கு இன்னொரு சுமையாகிறது. முதலில் பாதுகாப்பு, அடுத்து அன்றாட ஒழுங்கு, அதன் பிறகு உறவு, கடைசியில்தான் பேச்சு என்பதே கீழே உள்ள படிகளின் வரிசை.

1. தொடங்கும் காலமும் முன்தேவைகளும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஆகவே ஆடி, ஆவணி மாதங்களுக்குள் ஆதரவு வட்டம், அதாவது குழந்தைகளுக்குத் துணைநிற்கும் ஊரார் சிலரின் குழு, அமைந்துவிட வேண்டும். புரட்டாசி, ஐப்பசியில் குறுவை அறுவடையும் சம்பா நடவும் அடுத்தடுத்து வருவதால் பெண்களுக்கு உட்கார்ந்து பேச நேரமே இருக்காது. மீனவக் கிராமமாக இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் தொடங்குவது நல்லது. ஆண்களும் கரையில் இருப்பார்கள் என்பதோடு, வருமானம் நின்று வீட்டில் சச்சரவு கூடும் காலமும் அதுவே.

முதலில் ஊராட்சித் தலைவரைப் பார்க்க வேண்டும். கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்ற ஒன்று ஊராட்சித் தலைவர் தலைமையில் இருக்க வேண்டும் என்பது அரசின் ஏற்பாடு. பல ஊர்களில் அது பதிவேட்டோடு நின்றுவிடுகிறது. அதற்குப் போட்டியாகப் புதிய அமைப்பு ஒன்றைத் தொடங்காமல், அந்தக் குழுவின் கைகால்களாக உங்கள் வட்டத்தை அமைத்துக்கொண்டால், பின்னாளில் காவல் நிலையத்துக்கோ மாவட்ட அலுவலகத்துக்கோ போகும்போது உங்கள் சொல்லுக்கு மதிப்பிருக்கும். ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதை அறிவித்துவிட்டால் யார் எதற்காக வீடு வீடாக வருகிறார்கள் என்ற ஐயமும் எழாது.

கையில் வேண்டியவை குறைவு: ஒரு நோட்டு, மாலையில் குழந்தைகள் கூட ஓர் இடம், தொலைபேசி எண்கள் எழுதிய அட்டை. குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416, பெண்கள் உதவி எண் 181, அவசர எண் 112 ஆகியவற்றோடு கிராம சுகாதாரச் செவிலியர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆகியோரின் எண்களையும் அதில் எழுதுங்கள். எழுதிய பிறகு ஒவ்வோர் எண்ணையும் ஒருமுறை அழைத்துப் பாருங்கள். மாறிப்போன எண் ஒன்று அட்டையில் இருப்பது நெருக்கடி நேரத்தில் தெரியவந்தால் அதனால் பயனில்லை.

2. வட்டத்தில் யார் இருக்க வேண்டும்

ஆறு முதல் எட்டுப் பேர் போதும். பதவியில் இருப்பவர்களைத் தேடாமல், குழந்தைகள் யாரிடம் தாமாக ஓடுகிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். அவர் சத்துணவுச் சமையலராக இருக்கலாம், பெட்டிக்கடைப் பாட்டியாக இருக்கலாம், இல்லம் தேடிக் கல்வியில் பாடம் நடத்திய அக்காவாக இருக்கலாம். குழந்தையின் நம்பிக்கையை ஏற்கெனவே பெற்றவருக்குப் பயிற்சி கொடுப்பது எளிது. பயிற்சி பெற்றவர் நம்பிக்கையைப் பெறுவதற்குக் காலம் பிடிக்கும்.

ஊர்த்தெரு, குடியானத்தெரு, காலனி என்று பிரிந்து கிடக்கும் ஊர்களில் எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் இருந்தாக வேண்டும். இதில் சமரசம் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. தாழ்வான இடத்தில் இருக்கும் குடியிருப்பில்தான் தண்ணீர் முதலில் ஏறுகிறது. நிவாரணம் கடைசியாகப் போவதும் பெரும்பாலும் அங்கேதான். அந்தத் தெருவின் குழந்தை முகாமில் தனித்து உட்கார வைக்கப்பட்டால், வெள்ளத்தைவிட அந்த அவமானமே அதன் நெஞ்சில் நீண்டகாலம் தங்கும்.

சேர்பவர் எவராக இருந்தாலும் இரண்டு விதிகளை ஏற்க வேண்டும். மற்றவர் பார்வையில் படாத இடத்தில் எந்தக் குழந்தையோடும் தனியாக இருக்கக் கூடாது. குழந்தையின் வீட்டுச் செய்தியை டீக்கடையிலோ வாட்ஸ்அப் குழுவிலோ பேசக் கூடாது. குழந்தைகளை அணுகுவதற்காகவே இப்படிப்பட்ட குழுக்களில் நுழைபவர்களும் உண்டு என்பதால், முதல் விதி ஊரில் மிக மதிக்கப்படுபவருக்கும் பொருந்த வேண்டும்.

3. வீடு வீடாகப் பட்டியல்

ஒவ்வொரு தெருவிலும் உள்ள குழந்தைகளின் பெயர், வயது, வீட்டில் யாரோடு இருக்கிறார்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். "பிரச்சினைக் குழந்தை", "குடிகாரர் வீடு" போன்ற சொற்கள் நோட்டில் வரவே கூடாது. நோட்டு கைமாறினால் அந்தச் சொல் குழந்தையின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். கூடுதல் கவனம் வேண்டிய வீட்டுக்கு ஒரு புள்ளி வைத்தால் போதும்.

எந்த வீடுகளுக்குப் புள்ளி வைப்பது? அண்மையில் மரணம் நிகழ்ந்த வீடு. அப்பாவும் அம்மாவும் திருப்பூர் போய்விட பாட்டியோடு பிள்ளைகள் இருக்கும் வீடு. மாற்றுத்திறன் குழந்தை உள்ள வீடு. படகோடு இலங்கைக் கடற்படையால் பிடித்துச் செல்லப்பட்டவரின் வீடு. நுண்கடன் தவணைக்காக வாரந்தோறும் வாசலில் சத்தம் கேட்கும் வீடு. பள்ளிக்குப் பத்து நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீடு.

கடைசியாகச் சொன்ன வீட்டுக்கு அன்றே போக வேண்டும். முன்பணம் வாங்கிக்கொண்டு ஆட்டுக்கிடை வேலைக்கும் வாத்து மேய்க்கவும் பிள்ளைகளை அனுப்பிவிடும் கொடுமை இந்தப் பகுதியில் இன்னும் முற்றாக ஒழியவில்லை. வெளி மாவட்டத்திலிருந்து கிடையோடு வரும் சிறுவனையும் உங்கள் ஊர்க் குழந்தையாகவே கருதி, வயலோரம் தனியே ஆடு மேய்ப்பவனைக் கண்டால் 1098க்கு அழையுங்கள். கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டுவிட்டதால், அந்த முன்பணக் கடனைத் திருப்பித் தர வேண்டிய கடமை அந்தக் குடும்பத்துக்கு இல்லை. இதைப் பெற்றோரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். மீட்டு வந்த பிள்ளையை மறுபடியும் அனுப்பவைப்பது அந்தக் கடனைப் பற்றிய பயம்தான்.

4. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பெரியவர்

புள்ளி வைத்த வீட்டுக் குழந்தை ஒவ்வொன்றுக்கும், பெற்றோரைத் தவிர, அதைப் பெயர் சொல்லி அழைத்து வாரத்தில் சில முறையாவது பேசும் பெரியவர் ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். அத்தையோ தாத்தாவோ ஆசிரியரோ இருந்தால் அவரையே உறுதிப்படுத்துங்கள். யாரும் இல்லையென்றால் மட்டும் வட்டத்திலிருந்து ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். ஒருவருக்கு மூன்று குழந்தைகளுக்கு மேல் கொடுத்தால் அந்த உறவு பெயரளவுக்குப் போய்விடும்.

இந்தப் பொறுப்பில் பெரிதாக எதுவும் இல்லை. வழியில் பார்த்தால் நிற்பது, சாப்பிட்டாயா என்று கேட்பது, சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வருவது, அவ்வளவுதான். வாக்குத் தவறாமை இதில் எல்லாவற்றையும்விட முக்கியம். வீட்டில் எப்போது எது வெடிக்கும் என்று தெரியாமல் வளரும் பிள்ளைக்கு, செவ்வாய்க்கிழமை வருவேன் என்றவர் செவ்வாய்க்கிழமை வருவதே உலகத்தின் மீது நம்பிக்கை வைக்கக் கிடைக்கும் முதல் காரணம். பரிசுப் பொருள் வாங்கிக் கொடுப்பதைத் தவிருங்கள். அது உறவை எதிர்பார்ப்பாக மாற்றும், பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஏங்க வைக்கும்.

5. மாலை நேர ஒழுங்கு

அங்கன்வாடித் திண்ணை, கோயில் மண்டபம், பள்ளி வராண்டா என்று ஏதாவது ஓரிடத்தில், ஒரே நேரத்தில், வாரத்தில் மூன்று நாளாவது குழந்தைகள் கூட வேண்டும். பாடம் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் விளையாட்டு கட்டாயம் இருக்க வேண்டும். பல்லாங்குழி, நொண்டி, கபடி எதுவானாலும், முறை வரும்வரை காத்திருப்பதும் தோற்றுவிட்டு மறுபடி ஆடுவதும் கோபத்தைக் கட்டுப்படுத்தும் பழக்கத்தைத் தருகின்றன.

மாலை ஐந்திலிருந்து ஏழு வரையிலான நேரத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. கூலி வேலைக்குப் போன அம்மா சமைத்துக்கொண்டிருப்பார். குடித்துவிட்டு வரும் அப்பா வீடு திரும்பும் நேரமும் அதை ஒட்டியே இருக்கும். இருட்டியதும் சிறு பிள்ளைகளைக் கூட்டமாக வீட்டில் கொண்டுவந்து விடுவதையும் ஒழுங்கின் பகுதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

6. வீட்டுப் பெரியவர்களின் பாரத்தைக் குறைத்தல்

பெரும்பாலோர் தாண்டிச் செல்லும் படி இது. தாயின் பதற்றம் குறையாமல் குழந்தையின் பதற்றம் குறையாது. பெற்றோருக்கு அறிவுரை வகுப்பு நடத்துவதைவிட, அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய உதவியைப் பெற்றுத் தருவதே கூடுதல் பலன் தரும்.

குழந்தைகள் நலனுக்கான ஒன்றிய அரசின் மிஷன் வத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவாக, கணவரை இழந்த தாயின் பிள்ளைகள், ஆதரவற்று உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகள் போன்றோருக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்க வழியுண்டு. கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில். 2025 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் வழங்கப்படுகிறது. இறப்புச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குழந்தையின் பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்காக அலைவதில்தான் குடும்பங்கள் சோர்ந்து விட்டுவிடுகின்றன. கிராம நிர்வாக அலுவலகத்துக்கும் வங்கிக்கும் கூடவே போய் வருவது உங்கள் வேலை.

7. குழந்தையிடம் பேசும் முறை

அறிகுறிகள் வயதுக்கேற்ப மாறும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை அம்மாவின் முந்தானையை விடாது. படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் நின்றுபோயிருந்தாலும் திரும்ப வரும். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுவரை தலைவலி, வயிற்றுவலி, பள்ளிக்குப் போக மறுப்பு, நடந்ததையே திரும்பத் திரும்ப விளையாட்டாக ஆடுவது ஆகியவை தெரியும். பதின்ம வயதினர் ஒதுங்குவார்கள், எரிந்து விழுவார்கள், சிலர் குடிப்பழக்கத்துக்கும் ஆபத்தான செயல்களுக்கும் போவார்கள். இவற்றை அடம், திமிர் என்று எண்ணி அடிப்பதுதான் வழக்கமான தவறு. பெரும்பாலான குழந்தைகளுக்கு இவை சில வாரங்களில் தாமாகக் குறையும்.

பேச்சைக் குழந்தை தொடங்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டோ கோலப்பொடி இட்டுக்கொண்டோ இருந்தால், நேருக்கு நேர் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் சொல் தானாக வரும். சொல்லத் தொடங்கினால் குறுக்கிடாதீர்கள். "அப்ப பயமா இருந்திருக்கும், இல்ல?" என்று அதன் உணர்வுக்குப் பெயர் கொடுத்தால் போதும். "ஆம்பளப் பிள்ள அழலாமா?", "அதெல்லாம் மறந்துடு" என்ற சொற்கள் குழந்தையின் வாயை அடைக்கும், அச்சத்தைப் போக்காது. நடந்ததை வற்புறுத்தி ஒரே அமர்வில் முழுவதும் சொல்ல வைப்பதை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை.

மரணத்தைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். "அப்பா ஊருக்குப் போயிருக்கார்", "தூங்குறார்" என்று சொல்வது அன்பினால்தான் என்றாலும், குழந்தை வாசலில் காத்திருக்கத் தொடங்கும், அல்லது தூங்கவே அஞ்சும். "அப்பா செத்துப் போயிட்டார், இனி வர மாட்டார், உன்ன நாங்க பாத்துக்குவோம்" என்று, அதற்கு மிக நெருக்கமானவர் மடியில் வைத்துச் சொல்லட்டும். "நான் சண்டை போட்டதாலதான் செத்துட்டாரா?" என்ற கேள்வி பல பிள்ளைகளின் மனத்தில் கேட்கப்படாமலே கிடக்கும். கேட்காவிட்டாலும், "இதுல உன் தப்பு எதுவும் இல்ல" என்று சொல்லிவிடுங்கள்.

பயந்த பிள்ளைக்கு மந்திரிப்பது, வேப்பிலை அடிப்பது, நாகூர் தர்காவுக்குக் கூட்டிப் போவது ஆகியவற்றை எதிர்த்து வாதிட வேண்டாம். பாட்டியின் மடியும் எல்லோரும் தன்னைக் கவனிக்கிறார்கள் என்ற உணர்வும் குழந்தைக்கு ஆறுதலே. அடிப்பது, கட்டிவைப்பது, பட்டினி போடுவது, மருத்துவரிடம் போகாமல் தடுப்பது என்று வரும்போது மட்டும் உறுதியாக நிறுத்துங்கள்.

8. புயலும் வெள்ளமும் வரும்போது

எச்சரிக்கை வந்தவுடன் குழந்தைகளுக்கு என்ன நடக்கப்போகிறது, எங்கே போகப்போகிறோம், யார் கூட வருவார் என்பதைச் சொல்லுங்கள். தெரிந்த ஆபத்தைவிடத் தெரியாத ஆபத்துதான் அதிகம் அச்சுறுத்துகிறது. சிறு குழந்தையின் சட்டைப் பையில் பெயரும் பெற்றோரின் எண்ணும் எழுதிய தாளை நெகிழித்தாளில் சுற்றி வையுங்கள். பள்ளிப் பையையும் எடுத்துவரச் சொல்லுங்கள். நனைந்துபோன நோட்டுக்காக அழும் பிள்ளைகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முகாமில் முதல் வேலை குடும்பத்தை ஒன்றாக வைப்பது. இரண்டாவது, கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கும், இரவில் பெண் காவலும். மூன்றாவது, சாப்பாடு, குளியல், விளையாட்டு, தூக்கம் ஆகியவற்றுக்கு நேரம் குறிப்பது. பத்து வயதுக்கு மேற்பட்டோருக்குத் தண்ணீர் ஊற்றுவது, தட்டு அடுக்குவது போன்ற சிறு வேலைகளைக் கொடுங்கள். தன்னாலும் ஏதோ செய்ய முடிகிறது என்ற உணர்வு மீண்டெழும் திறனின் வேர். தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் சாய்ந்த தென்னைகளையும் இடிந்த வீடுகளையும் திரும்பத் திரும்ப ஓட விடாதீர்கள். நிவாரணம் கொடுக்க வருபவர்கள் குழந்தையை அழவைத்துப் படமெடுப்பதைத் தடுப்பதும் வட்டத்தின் கடமை.

பெற்றோரைக் காணாத குழந்தையை, எவ்வளவு நல்லவராகத் தோன்றினாலும், வெளியாரிடம் ஒப்படைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக நாகப்பட்டினத்தில் அரசு காப்பகம் திறக்கப்பட்டது. அத்தகைய இடம் தேவைதான். ஆனாலும் சித்தி, பெரியப்பா, பாட்டி வீடு கிடைக்குமா என்று முதலில் தேடி, குழுவிடம் அந்த உறவினரை முன்னிறுத்துவதே நல்லது. வீட்டோடு ஊரையும் மொழிவழக்கையும் நண்பர்களையும் ஒரே நாளில் இழப்பது இரட்டை இழப்பு.

9. வன்முறையோ பாலியல் துன்புறுத்தலோ தெரியவந்தால்

குழந்தை சொல்வதை நம்புங்கள், விசாரிக்காதீர்கள். "நீ சொன்னது நல்லது, தப்பு உன்மேல இல்ல" என்று சொல்லி, அது பயன்படுத்திய சொற்களையே அன்றே எழுதிவைத்து, 1098க்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். பலர் மாறி மாறிக் கேட்டால் குழந்தை அதே வேதனையை மீண்டும் அனுபவிக்கும் என்பதோடு வழக்கும் குழம்பும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். "உன்னக் காப்பாத்துறவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்" என்பதே சரியான பதில்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகாரளிக்காமல் இருப்பது ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஆதாரம் தேடுவது உங்கள் வேலையன்று. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி, கூடுமானவரை பெண் அதிகாரி, பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்வதால், குழந்தையைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டிய தேவை இல்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிப்பதும், பணம் வாங்கித் தருவதும், செய்தவனுக்கே கட்டிவைக்கப் பார்ப்பதும் குழந்தைக்கு இழைக்கும் இரண்டாவது கொடுமை. ஊரார் சினந்தாலும் இதில் பின்வாங்கக் கூடாது.

10. மருத்துவ உதவிக்கு அனுப்ப வேண்டிய நேரம்

ஒரு மாதம் கடந்தும் தூக்கம், சாப்பாடு, பள்ளி ஆகியவை சீராகவில்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையம் வழியாக மாவட்ட மனநலத் திட்டக் குழுவிடமோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிடமோ அழைத்துச் செல்லுங்கள். சாவதைப் பற்றிப் பேசினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ அன்றே போக வேண்டும். அதுவரை 14416இல் தமிழிலேயே பேசலாம்.

விவசாய வீடுகளில் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றன. அவற்றைப் பூட்டி வைக்கச் செய்வது, பதின்ம வயதினர் ஒரு நொடி ஆத்திரத்தில் உயிரிழப்பதைத் தடுக்க நம்மால் செய்யக்கூடிய மிக எளிய, மிகப் பயனுள்ள வேலை. மழைக்கு முன் வீடு வீடாகப் போகும்போதே இதைச் செய்து முடியுங்கள்.

11. தொடர்ந்து பார்த்தல்

நிவாரண லாரிகள் நின்றுபோன பிறகுதான் வட்டத்தின் நீண்ட வேலை தொடங்குகிறது. முதல் தீபாவளி, முதல் பொங்கல், திதி நாள், அடுத்த ஆண்டின் முதல் பெருமழை ஆகிய நாட்களில் ஆறியிருந்த அச்சம் மீண்டும் வரும். நோட்டில் அந்த நாட்களை முன்கூட்டியே குறித்து, அதற்கு முதல் நாளே பொறுப்பாளர் குழந்தையைப் போய்ப் பார்க்க வேண்டும்.

பொறுப்பாளர் திருமணமாகியோ வேலை கிடைத்தோ ஊரைவிட்டுப் போவதும் நடக்கும். சொல்லாமல் மறைந்துவிடுவது குழந்தைக்கு இன்னொரு கைவிடலாகத் தோன்றும். இரண்டு வாரம் முன்பே சொல்லுங்கள். அடுத்துப் பொறுப்பேற்பவரைக் கூட்டி வந்து, மூவரும் சேர்ந்து சில மாலைகள் விளையாடுங்கள். போகும் நாளையும் குழந்தைக்குத் தெரிவித்துவிட்டு, அந்த நாளில் விடைபெற்றுச் செல்லுங்கள்.